விசில் அத்தை எழுந்து ஓடிய இடைவேளை

உட்கார்ந்தே பிழைத்த குடும்பம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது விசில் அத்தையின் குடும்பம்தான். அப்பா கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். காலையில் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தால், சோற்றுத் தட்டு வந்தால்தான் நிமிர்வார். அப்பாவின் அண்ணன், அதாவது பெரியப்பா, டெய்லர். அப்பாவின் கடைசித் தங்கை சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுப்பவள். டிக்கெட் கிழிக்கிற வேலைதான் அவளுக்கு முதலில் வந்தது. நின்றுகொண்டே கிழிக்க வேண்டும் என்றதும், அந்த வேலையே வேண்டாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டாள். அம்மா வழியில் பார்த்தால், மாமா கோர்ட்டு வாசலில் டைப் அடித்தார், சின்னம்மா டெலிபோன் ஆபீசில் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டில் செருப்பு தேய்ந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. நாற்காலிதான் தேயும்.

விசில் அத்தைக்கு வாய்த்த மாப்பிள்ளையும் பஸ் டிரைவர். பெண் பார்த்துவிட்டுப் போன அன்றைக்குச் சின்னம்மா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "ஊர் ஊரா சுத்தற ஆளாமே, நம்ம பிள்ளைக்கு ஒத்து வருமா?" என்றாள்.

பெரியப்பா ஊசியில் நூல் கோத்தபடியே, "சுத்தறது வண்டிதான். அவரு உக்காந்துதானே இருப்பாரு" என்றார். சின்னம்மாவுக்கு மனசு ஆறிவிட்டது. கல்யாணம் நடந்தது.

இப்படிப்பட்ட வம்சத்தில் வந்தவளுக்குப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் வேலை கிடைத்ததுதான் வேடிக்கை. இடைவேளை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சுவரில் ஏறினால் இறக்க வேண்டும், சண்டை போட்டால் விலக்க வேண்டும், விழுந்தால் தூக்க வேண்டும். அதற்கென்று பள்ளிக்கூடத்தில் ஒரு நீலக் கோட்டும், சிவப்புக் கயிற்றில் கோத்த ஒரு விசிலும் கொடுத்தார்கள். விசில் கழுத்தில் தொங்கியதால் பிள்ளைகள் விசில் அத்தை என்று கூப்பிட்டார்கள். ஆனால் விசில் ஊதி யாரும் கேட்டதில்லை. விசில் ஊத வாய் சும்மா இருக்க வேண்டுமே. அத்தையின் வாய் எப்போது சும்மா இருந்தது?

மைதானம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மூன்று பக்கம் வகுப்பறை, ஒரு பக்கம் சுவர், நடுவில் சிமெண்டுத் தரை. ஓரத்தில் தண்ணீர்க் குழாய்கள் வரிசையாக இருந்தன, அதில் ஒன்று எப்போதும் சொட்டிக்கொண்டிருக்கும். குழாய்க்குப் பக்கத்தில் ஒரே ஒரு மரம். மரத்தடியில் அத்தையின் இரும்பு முக்காலி.

மணி அடித்ததும் பிள்ளைகள் வகுப்பை விட்டு வெடித்துக்கொண்டுதான் வருவார்கள். புதிதாகப் பார்க்கிறவர்கள், ஆகா, என்ன ஓட்டம் என்று நினைத்துவிடுவார்கள். ஓட்டம் முக்காலி வரைக்கும்தான். முன்வரிசையில் இடம் பிடிக்கிற ஓட்டம் அது. இடம் பிடித்ததும் அத்தனை பேரும் பசை போட்டு ஒட்டினாற்போல் உட்கார்ந்துவிடுவார்கள். அத்தை ஒரு தடவை செருமிக்கொண்டு, "நேத்து எங்க விட்டேன்?" என்பாள். அவ்வளவுதான், அடுத்த மணி அடிக்கிற வரைக்கும் மைதானத்தில் காக்கா மட்டும்தான் நடக்கும்.

கதை என்றால் ராஜா ராணிக் கதை இல்லை. எல்லாம் சொந்தக்காரர்களைப் பற்றிய கதை. யாருக்கு யார் கூடப்பிறந்தவர், யார் யாரோடு பேச்சை நிறுத்தினார், எதனால் நிறுத்தினார், எந்த விசேஷ வீட்டில் மறுபடி பேசிக்கொண்டார் என்று நூல் பிடித்தாற்போல் சொல்லுவாள். மாமாவின் டைப் மெஷினில் ஒரு எழுத்து உடைந்து போய், ஊரில் உள்ள அத்தனை மனுக்களிலும் அந்த எழுத்தே இல்லாமல் போன கதையைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வீட்டில் தன் சொந்தப் பெரியப்பா பெயர் தெரியாத பிள்ளைக்குக்கூட அத்தையின் பெரியப்பாவைப் பற்றி எல்லாம் தெரியும்.

அத்தைக்கு அந்த இடைவேளைதான் உயிர். வீட்டில் டிரைவர் அதிகம் பேச மாட்டார், கேட்கவும் மாட்டார். நாளெல்லாம் ஹாரன் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிற மனிதர். அத்தை பேசினால் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "ம்" என்பார். அந்த "ம்" கதைக்கா, தெருவில் போகிற லாரிக்கா என்று கண்டுபிடிக்க முடியாது. மைதானத்தில் அப்படியில்லை. அங்கே அத்தனை முகமும் அவளையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒருநாள் தலைமை ஆசிரியை அத்தையை மாடிக்குக் கூப்பிட்டு அனுப்பினார். பிள்ளைகள் அவரைப் பெரிய டீச்சர் என்பார்கள். நல்ல மனுஷி, சிடுசிடுப்புக் கிடையாது. அறையில் டிரில் மாஸ்டரும் இருந்தார். டிரில் மாஸ்டர் பாவம், வாரத்தில் ஒருநாள் ஒரு பள்ளிக்கூடம் என்று சுற்றுகிறவர், எந்த நேரமும் அடுத்த பஸ்ஸுக்கு ஓடத் தயாராக ஒரு கால் முன்னால் இருக்கும்.

"உக்காருங்க," என்றார் பெரிய டீச்சர். அத்தைக்கு அதைச் சொல்லவே வேண்டாம்.

"நம்ம பிள்ளைங்க இடைவேளைல ஓடறதே இல்லை, கவனிச்சீங்களா?"

"தங்கமான பிள்ளைங்க டீச்சர். ஒரு சண்டை கிடையாது, ஒரு காயம் கிடையாது. மருந்துப் பெட்டிய திறந்தே பல மாசம் ஆச்சு."

"அதுதான் கவலை. இடைவேளைல ஓடாத பிள்ளைங்க கணக்கு வகுப்புல ஓடறாங்க. பெஞ்சு மேல ஏறறாங்க. அங்கயும் ஓடாதவங்க கொட்டாவி விடறாங்க. அந்த வயசுல கை கால் ஆடணும், மூச்சு வாங்கணும், வேர்க்கணும். இல்லைன்னா உடம்பும் வளராது, பாடமும் ஏறாது."

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றார் டிரில் மாஸ்டர். "குதிக்கிற கயிறு, வளையம், பந்து எல்லாம் கொண்டாந்திருக்கேன். பிள்ளைங்க கையில கொடுத்துப் பாருங்க."

பெரிய டீச்சர் அத்தை பக்கம் திரும்பி, "தப்பா எடுத்துக்காதீங்க. பிள்ளைங்க உக்காந்திருக்கக் காரணம் நீங்கதான். உங்க பேச்சு அப்படி. இந்த மாசக் கடைசிக்குள்ள பிள்ளைங்க எழுந்து ஓடணும். இல்லைன்னா உங்களைச் சாமான் அறைக்கு மாத்திட்டு, மைதானத்துக்கு வேற ஆள் போடறதைத் தவிர எனக்கு வழி தெரியலை" என்றார்.

சாமான் அறை என்றால் உடைந்த பெஞ்சும் பழைய பூகோளப் படமும் இருக்கிற இருட்டறை. அங்கே உட்காரலாம், நன்றாக உட்காரலாம். யாரிடம் பேசுவது? உடைந்த பெஞ்சிடமா?

மறுநாளே அத்தை ஆரம்பித்துவிட்டாள். பந்து, வளையம், கயிறு எல்லாவற்றையும் மரத்தடியில் கொட்டி, "எடுத்து விளையாடுங்கடா கண்ணுங்களா" என்றாள். பிள்ளைகள் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார்கள். வளையத்தைத் தரையில் போட்டு, ஒரு வளையத்துக்கு ஒருவர் என்று உள்ளே உட்கார்ந்தார்கள். முழங்கை இடிக்காமல் வசதியாக இருந்தது. பந்து கிடைத்தவர்கள் அதன் மேல் உட்கார்ந்து முக்காலி உயரத்துக்கு வந்துவிட்டார்கள். குதிக்கிற கயிற்றை நீளமாகப் போட்டு, இதற்கு இந்தப் பக்கம் சின்ன வகுப்பு, அந்தப் பக்கம் பெரிய வகுப்பு என்று எல்லை பிரித்துவிட்டார்கள். எல்லாம் முடிந்ததும் முன்பல் இரண்டும் விழுந்திருந்த ஓட்டைப்பல் என்கிற பையன், "ம், ஆரம்பிங்கத்தை" என்றான்.

அடுத்த நாள் அத்தை வாயைத் திறப்பதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு வந்தாள். கதை இல்லையென்றால் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள் அல்லவா? போகவில்லை. பேசாத அத்தையை அவர்கள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அதுவே பெரிய காட்சியாகப் போய்விட்டது. சுற்றி உட்கார்ந்துகொண்டு இமைக்காமல் பார்த்தார்கள். ஒரு சின்னப் பெண் தண்ணீர் பிடித்து வந்து கொடுத்தாள்.

"தொண்டை கட்டிக்கிச்சா?"

அத்தை தலையாட்டி இல்லை என்றாள்.

"வீட்ல சண்டையா?"

அதற்கும் இல்லை என்றாள்.

"அப்ப யார் கூடப் பேச்சை நிறுத்தியிருக்கீங்க, எங்க கூடயா?" என்று அந்தச் சின்னது உதட்டைப் பிதுக்கியதும், அத்தைக்கு மனசு கேட்கவில்லை. "அழுவாதடி ராசாத்தி, எங்க சின்னம்மா ஒருதரம் இப்படித்தான்" என்று ஆரம்பித்தவள், மணி அடிக்கிற வரைக்கும் நிறுத்தவில்லை.

அப்புறம் நேரடியாகவே சொல்லிப் பார்த்தாள். "எல்லாரும் எழுந்து ஓடுங்க."

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் உண்டு. வகுப்பில் எந்நேரமும் கையைத் தூக்கிக்கொண்டே இருப்பதால் அவளுக்குக் கேள்வி என்று பெயர். அவள் கேட்டாள், "எங்க ஓடணும்?"

"எங்கயாச்சும் ஓடு."

"எதுக்கு ஓடணும்?"

"உடம்புக்கு நல்லது."

"நீங்க ஓடறீங்களா?"

அத்தை பேச்சை மாற்றிவிட்டாள். பிள்ளைகள் அவளுக்காக இரக்கப்பட்டு மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இப்போது சொல்லுங்கள் என்று பழைய இடத்திலேயே உட்கார்ந்தார்கள்.

அன்று சாயங்காலம் அத்தை வீட்டில் டிரைவரிடம் முறையிட்டாள். "பிள்ளைங்க ஓடலைன்னா என்னைச் சாமான் அறைல போட்டுப் பூட்டிடுவாங்களாம்."

டிரைவர் ஜன்னலைப் பார்த்தபடி, "கதைய நிறுத்திடேன்" என்றார்.

"நிறுத்தறதுக்கு அது என்ன உங்க பஸ்ஸா? பிரேக்கை மிதிச்சா நிக்குமா?"

"ம்," என்றார் டிரைவர்.

மாசம் நகர்ந்துகொண்டிருந்தது. சாமான் அறைக்கு யாரோ புதுப் பூட்டு வேறு போட்டிருந்தார்கள். அத்தை போகிற வழியில் அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டு, சரி, இருக்கிற வரைக்கும் நல்ல கதையாகச் சொல்லிவிட்டுப் போவோம் என்று முடிவு செய்தாள். பொத்திப் பொத்தி வைத்திருந்த கதை ஒன்று அவளிடம் இருந்தது. அந்த வம்சத்திலேயே ஒரே ஒருவர், ஒரே ஒரு தடவை ஓடிய கதை.

மறுநாள் முக்காலியில் வசதியாக உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தாள்.

"எங்க பெரியப்பா டெய்லர்னு தெரியும் இல்லையா? அவரு கடையை விட்டு நகரவே மாட்டாரு. ஆனா காண்ட்ராக்டர் ஒருத்தர் இருந்தாரு. ஆள் கொஞ்சம் பெரிய ஆளு. கடை வாசப்படியில அவரால நுழைய முடியாது. அதனால பெரியப்பாவே அளவெடுக்க அவரு வீட்டுக்குப் போனாரு. கழுத்துல டேப்பு. கேட்டைத் திறக்கக் குனிஞ்சாரா, டேப்போட ஒரு நுனி சரிஞ்சு பின்னாடி தரைல இழுபட ஆரம்பிச்சிருச்சு. அவருக்குத் தெரியாது. அந்த வீட்ல காவலுக்கு நாய் கிடையாது."

"பின்ன?"

"வான்கோழி."

முன்வரிசை நெருங்கி உட்கார்ந்தது.

"வான்கோழி பார்த்துச்சு. ஏதோ நீளமா, மஞ்சளா, நெளிஞ்சு நெளிஞ்சு போகுது. புழுன்னு நினைச்சுதோ பாம்புன்னு நினைச்சுதோ, அதுக்குத்தான் தெரியும். உடம்பை உப்பிக்கிட்டு, களகளகளன்னு கத்திக்கிட்டுப் பின்னாடியே வந்துச்சு. பெரியப்பா திரும்பிப் பார்த்தாரு. பார்த்தவரு ஓடினாரு பாருங்க, அப்படி ஒரு ஓட்டம். அவரு ஓட ஓட டேப்பு துள்ளுது. டேப்பு துள்ளத் துள்ள அதுக்கு வெறி ஏறுது."

கேள்வியின் கை தூக்கிக்கொண்டது. "டேப்பைக் கழட்டிப் போட்டுட்டா வான்கோழி அதோட நின்னிருக்கும் இல்ல?"

"நல்லா கேட்ட போ. டெய்லர் டேப்பைப் போடுவாரா? தொழில் பண்றவங்க கழுத்துல ஏறின டேப்பைத் தரைல விடவே மாட்டாங்க. ரெண்டு கையாலயும் கழுத்துப் பக்கம் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே ஓடினாரு. காண்ட்ராக்டர் வீட்டை அப்படியே சுத்திச் சுத்தி வந்தாரு. கடைசில அந்த வான்கோழி டேப்பு நுனியை ஒரே மிதியா மிதிச்சிருச்சு."

"ரீல்," என்றாள் கேள்வி.

கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"என்னடி ரீல்?"

"ஓடற ஆள் டேப்பை யாராலயும் மிதிக்க முடியாது. கால் கீழ வர்றதுக்குள்ள டேப்பு முன்னாடி போயிருக்கும்."

"முடியும்," என்றான் ஓட்டைப்பல். பல் இடுக்கில் காற்று போனதில் அது விசில் மாதிரி கேட்டது.

"முடியாது."

"முடியுங்கறேன்."

"அப்ப மிதிச்சுக் காட்டு."

ஈர்க்குச்சி போல ஒல்லியாக ஒரு பையன், அவனுக்குப் பெயரும் ஈர்க்குச்சிதான், ஒரு குதிக்கிற கயிற்றை எடுத்து நுனியை இடுப்பில் செருகிக்கொண்டான். மற்றது தரையில் வாலாகக் கிடந்தது. "நான்தான் பெரியப்பா," என்றான். உடனே இன்னும் நாலைந்து பேர் எழுந்து, நான் பெரியப்பா, நான்தான் பெரியப்பா என்று கயிற்றுக்குப் போட்டி போட்டார்கள்.

"சரி, வான்கோழி யாரு?" என்றாள் கேள்வி.

எல்லாரும் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள்.

"டேய் ஓட்டைப்பல், நீதானே முடியும்னே. நீ வான்கோழி."

"நான் எதுக்கு வான்கோழி? எங்க அக்காவுக்குத் தெரிஞ்சா ஆயுசு முழுக்க அப்படியே கூப்பிடுவா. நீ இரேன்."

"மிதிக்க முடியாதுன்னு சொன்னவ நான். நான் எப்படி மிதிக்கறது?"

இவனைக் கேட்டார்கள், அவளைக் கேட்டார்கள். வான்கோழியாக ஒரு பிள்ளையும் சம்மதிக்கவில்லை. பெரியப்பாக்கள் ஒவ்வொருவராகக் கயிற்றை உருவிக் கீழே போட்டார்கள். பின்வரிசை உட்கார்ந்துவிட்டது. ஈர்க்குச்சி மட்டும் வாலோடு நின்றுகொண்டு, "அப்ப சொல்லுங்கத்தை, மிதிச்சதும் என்ன ஆச்சு?" என்றான்.

அத்தை தற்செயலாக நிமிர்ந்து பார்த்தாள். மாடி நடைபாதையில் பெரிய டீச்சரும் டிரில் மாஸ்டரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி நின்றிருந்தார்கள். எவ்வளவு நேரமாக நிற்கிறார்களோ தெரியாது.

கதையின் உச்சக்கட்டமே இனிமேல்தான். டேப்பை வான்கோழி மிதித்ததும் பெரியப்பா எதன்மேல் தாவி ஏறினார், காண்ட்ராக்டர் எந்தக் கோலத்தில் வெளியே வந்தார் என்பதெல்லாம் அத்தையின் நாக்கு நுனியில் வந்து நின்றது. உட்காருங்க, சொல்றேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஈர்க்குச்சியும் உட்கார்ந்துவிடுவான். சொல்லாவிட்டால் அத்தைக்கு மூச்சு முட்டும். சொல்லிவிட்டால் சாமான் அறை.

அத்தை எச்சிலோடு சேர்த்துக் கதையையும் விழுங்கினாள். முக்காலியை விட்டு எழுந்தாள். நீலக் கோட்டின் பொத்தான்களை அவிழ்த்து, இரண்டு ஓரத்தையும் இரண்டு கையில் பிடித்துச் சிறகு மாதிரி விரித்தாள். கன்னத்தை உப்பிக்கொண்டாள்.

"களகளகளகள," என்றாள்.

பிள்ளைகள் அத்தை எழுந்து நிற்பதைப் பார்த்ததே அபூர்வம். ஈர்க்குச்சி விளையாட்டுக்குத்தான் என்று சிரித்துக்கொண்டு நின்றான். அத்தை இரண்டு எட்டு வைத்து அவன் வால் அருகே காலைத் தூக்கியபோதுதான் அவனுக்கு விஷயம் புரிந்தது. எடுத்தான் ஓட்டம். அத்தை பின்னாலேயே ஓடினாள்.

அது என்ன ஓட்டம் என்று சொல்வது கஷ்டம். மேல்பாதி முன்னால் போயிற்று, கீழ்ப்பாதி யோசித்து யோசித்துப் பின்னால் வந்தது. கழுத்து விசில் முதுகுப் பக்கம் போய் ஆடியது. ஒரு செருப்பு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் பறந்தது. அத்தை அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மரத்தைச் சுற்றி, குழாயைச் சுற்றி, சுவரோரமாகப் போய் மறுபடி மரத்துக்கு வந்தார்கள். ஈர்க்குச்சி வளைந்து திரும்பியதும் கயிறு பாம்பாக நெளிந்தது. அத்தை கண்ணை மூடிக்கொண்டு ஒரு மிதி மிதித்தாள்.

கயிறு சட்டென்று இடுப்பிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. ஈர்க்குச்சி கயிறு போனது தெரியாமலே இன்னொரு சுற்றுப் போய்விட்டு வந்தான்.

"முடியும்," என்றான் ஓட்டைப்பல்.

"அத்தை காலு பெருசு. அதனால மிதிச்சிருச்சு. நம்ம காலுக்கு முடியாது," என்றாள் கேள்வி.

அதை அப்படியே விடலாமா? விடவில்லை. இப்போது எல்லாருக்கும் வான்கோழியாக வேண்டும். அத்தையே வான்கோழியாக இருந்த பிறகு அதில் என்ன வெட்கம்? பெரியப்பாவாக இருக்கத்தான் ஆளைத் தேட வேண்டியிருந்தது. கயிறு கிடைக்காதவர்கள் கைக்குட்டையைச் செருகிக்கொண்டார்கள். மைதானம் முழுக்கக் களகளகள. காக்கா மரத்தை விட்டே போய்விட்டது. கேள்வி மூன்று வான்கோழிகளிடம் மாட்டாமல் ஓடி, நாலாவதிடம் மாட்டி, அது செல்லாது என்று சண்டை போட்டாள். ஓட்டைப்பல் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, மருந்துப் பெட்டி வருவதற்குள் மறுபடி ஓடப் போய்விட்டான்.

அத்தை மரத்தைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். டிரில் மாஸ்டர் மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கி வந்து, "கயிறைக் கட்டக்கூடாது, செருகத்தான் செருகணும். கட்டினா இழுத்து விழுந்துடுவாங்க" என்று ஒவ்வொரு இடுப்பாகப் பார்த்துக்கொண்டு போனார். பிறகு அவரே ஒரு கயிற்றைச் செருகிக்கொண்டார். அன்றைக்கு அவர் பஸ்ஸை விட்டுவிட்டார்.

பெரிய டீச்சர் குழாயடியில் கிடந்த செருப்பை எடுத்து வந்து அத்தையின் காலருகே வைத்தார்.

"ஐயோ டீச்சர், நீங்க போயி..."

"பேசாதீங்க, முதல்ல மூச்சு விடுங்க." பெரிய டீச்சர் முக்காலியை இழுத்துப் போட்டார். "சாமான் அறையை மறந்துடுங்க. இந்த மைதானம் உங்களோடதுதான்."

அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் போன பிறகுதான், சுற்றிலும் ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை என்பதைப் பார்த்தாள்.

அதன் பிறகு வந்த நாட்கள் எல்லாம் அப்படித்தான். இடம் அவளுடையது. கேட்கிற காதுதான் இல்லை. "மிதிச்சதும் பெரியப்பா எங்க ஏறினாருன்னு யாருக்காச்சும் தெரிய வேணாமா?" என்று போகிற வருகிற பிள்ளைகளைக் கேட்டுப் பார்த்தாள். "அப்புறம் சொல்லுங்கத்தை" என்று ஓடிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்கள். தண்ணீர் குடிக்க வந்த பிள்ளையைப் பிடித்து நிறுத்தி, "காண்ட்ராக்டர் எப்படி வந்தாருன்னா" என்று தொடங்கினால், அது வாயைத் துடைத்துக்கொண்டு அவள் கைக்குக் கீழே நுழைந்து ஓடிவிடும். கணக்கு டீச்சர் மட்டும் அத்தையைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிடு போட்டார். பெஞ்சில் யாரும் ஏறுவதில்லையாம்.

பிள்ளைகள் அல்லவா, எத்தனை நாளைக்கு ஒரே வான்கோழி? ஒருநாள் கேள்வி வந்து முக்காலி முன்னால் நின்றாள். பின்னாலேயே ஓட்டைப்பல்லும் ஈர்க்குச்சியும் மற்றவர்களும் வந்தார்கள்.

"வேற கதை சொல்லுங்கத்தை."

அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. "சொல்றேன், சொல்றேன். டெலிபோன் ஆபீஸ்ல எங்க சின்னம்மா..."

"அவங்க ஓடினாங்களா?"

"ஓடறதா? அவங்க எதுக்கு ஓடணும்?"

"அப்ப வேணாம். ஓடற கதையா சொல்லுங்க."

அத்தை மனசுக்குள்ளேயே சொந்தக்காரர்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தாள். நிறுத்தியதும் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். "எங்க அப்பா இருக்காரே," என்று இழுத்தாள்.

"ஓடினாரா?"

"ஒரு தடவை எழுந்து போய் விளக்கைப் போட்டாரு."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்ன வகுப்பில் இரண்டு பேர் மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்கள். அதைப் பார்த்ததும் அத்தைக்குப் பகீர் என்றது. "நாளைக்குச் சொல்றேன். நல்ல ஓட்டமா ஒண்ணு சொல்றேன். இப்ப போய் ஓடுங்க," என்று விரட்டினாள்.

அன்று சாயங்காலம் அத்தை ஒரு வாளியில் வெந்நீர் ஊற்றி, காலை உள்ளே விட்டுக்கொண்டு உம்மென்று இருந்தாள். டிரைவர் வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். வழக்கமாக அவர் உட்காருவதற்குள் பாதிக் கதை ஓடியிருக்கும். இன்றைக்குச் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே திரும்பினார்.

"என்ன, உடம்பு சரியில்லையா?"

"நம்ம சாதிசனத்துல ஓடின ஆளே இல்லைங்க. ஒரே ஒரு பெரியப்பா. அவரையும் வான்கோழி துரத்த வேண்டியிருந்துச்சு. நாளைக்கு நான் என்னத்தைச் சொல்லுவேன்? பிள்ளைங்க திரும்ப உக்கார ஆரம்பிச்சிட்டா?"

டிரைவர் தாடையைச் சொறிந்துகொண்டார். "நான் ஓடியிருக்கேன்."

அத்தையின் கால் வாளிக்குள் அசையாமல் நின்றது. "நீங்களா?"

"ம். பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினேன். கல்யாணத்துக்கு முன்னாடி."

"இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீ எப்ப இடம் விட்ட?"

நியாயம்தான். அத்தை வாயை இறுக மூடிக்கொண்டு, மேலே சொல்லுங்கள் என்று கையை மட்டும் ஆட்டினாள்.

"ஒரு வயசானவரு இறங்கிப் போனாரு," என்றார் டிரைவர். "சீட்டுல கைக்குட்டை ஒண்ணு கிடந்துச்சு. பிரிச்சுப் பார்த்தா பல்லு. ரெண்டு வரிசையும் முழுசா இருக்கு. பாவம், சாயங்காலம் எதை வச்சு மெல்லுவாருன்னு நான் பல்லைக் கையில பிடிச்சுக்கிட்டு இறங்கி ஓடினேன். ஐயா, நில்லுங்கன்னு கத்தினேன். அவரு திரும்பிப் பார்த்தாரு. நில்லாம ஓட ஆரம்பிச்சுட்டாரு."

"ஏன்?"

"டிக்கெட் எடுக்கலை போல."

அத்தை சிரிப்பை அடக்கியதில் வாளித் தண்ணீர் தளும்பியது.

"அவரு ஓடறாரு, நான் துரத்தறேன். பஸ்ஸுல இருந்தவங்க பார்த்தாங்க. டிரைவரே ஓடறாருன்னா வண்டில என்னமோ ஆயிடுச்சுன்னு அவங்களும் இறங்கி என் பின்னாடி ஓடி வந்தாங்க. தெருவுல போனவங்க, இத்தனை பேரு ஓடறாங்களேன்னு அவங்களும் சேர்ந்துக்கிட்டாங்க. முன்னாடி பல்லில்லாத ஆளு, நடுவுல பல்லோட நான், பின்னாடி ஊரே வருது."

அத்தைக்குக் கண்முன்னே மைதானம் தெரிந்தது. முன்னால் ஓட்டைப்பல், வேறு யார்? பின்னால் ஒவ்வொருவராக ஒட்டிக்கொண்டு வால் நீண்டுகொண்டே போகிறது.

"எந்தப் பக்கமா ஓடினாரு? நேராவா, சந்துல திரும்பியா?"

"திரும்பித் திரும்பி ஓடினாரு. சொன்னா புரியாது." டிரைவர் நாற்காலியை விட்டு எழுந்தார். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே இருந்த இடத்தை ஒரு பார்வை பார்த்தார். மேஜையை ஓரமாக நகர்த்தினார். "நான்தான் கிழவரு. நீ நானு. பின்னாடி வா."

"காலெல்லாம் ஈரம்."

"பரவாயில்ல, வா. பல்லைக் கையில பிடிச்சுக்க."

அத்தை மேஜை மேலிருந்த சீப்பைப் பல்லாக எடுத்துக்கொண்டு, வாளியை விட்டு வெளியே வந்தாள்.